எடை குறைக்க உச்சிவெயிலில் ஓடும் பயிற்சி ஜாக்கி

அண்ணாச்சி, பெங்களூரில் பந்தயக் குதிரை ஓட்டுற ஜாக்கி பயிற்சியில் இருக்கிற உங்க மகன், லீவுக்குப் பாளையங்கோட்டை வந்தும், 2 நாளில் 2 கிலோ குறைக்கணும்னு மழைக்கோட்டு போட்டு வ.உ.சி. மைதானத்தில் உச்சிவெயிலில் ஓடுதான், தலை சுத்துதுன்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. குறையறது தண்ணிதான், கொழுப்பு இல்ல. 50 கிலோ ஆளுக்கு 1 கிலோ தண்ணி போனாலே கவனம் தளரும். ஜாக்கி, கால் வைக்கிற வளையமான அங்கவடியில் முன்பாதம் ஊன்றி, சேணத்தில் உட்காராமக் குனிஞ்சே போறவன். 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால போற குதிரையின் பின்னங்குளம்பில் இவன் குதிரை தட்டினா, சுதாரிக்கக் கண்ணிமைக்கிற நேரந்தான். விழுந்தா பின்னால வர்ற குதிரை மிதிச்சிரும்.

இப்போ 1 லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ணை 1 லிட்டர் தண்ணியில் கரைச்சு, மடக்கு மடக்கா குடிக்கட்டும். அப்புறமும் தலை சுத்தினா டாக்டர்கிட்ட போங்க. சிறுநீரை அதிகமாப் போக வைக்கிற நீர் மாத்திரையைத் தொடவே கூடாது, ஊக்கமருந்து சோதனையிலும் மாட்டுவான். வாரத்துக்கு அரைக் கிலோ குறைஞ்சாப் போதும். இந்த எடைக்கு இறங்க முடியாதுன்னு டிரெய்னர்கிட்ட இப்பவே சொல்லிரட்டும். பந்தயத்தில் ஒவ்வொரு குதிரையும் இத்தனை எடை சுமக்கணும்னு கணக்கு உண்டு; கூடுதலா சுமக்கிற குதிரை இவனுக்குக் கிடைக்கும்.