கார் ஏசி குளிரவில்லை என்றால் கம்ப்ரஸரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

காற்று வருகிறது, குளிர் இல்லை, மெக்கானிக் கம்ப்ரஸரை (குளிர்விக்கும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது ஒருவரை ஏசியைப் போடச் சொல்லுங்கள். கையைத் தள்ளியே வைத்துக்கொண்டு கம்ப்ரஸரைப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். அதன் முன்னால் இருக்கும் தட்டு ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டு கூடவே சுற்ற வேண்டும். அதுதான் கிளட்ச். (சில புதிய வண்டிகளில் இது இருக்காது.) ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு. அழுத்தம் இறங்கினால் பிரஷர் சுவிட்ச் கரண்டை நிறுத்திவிடும். ஃப்யூஸ், ரிலே, கிளட்ச் காயில் (தட்டை இழுக்கும் மின்காந்தச் சுருள்) இவற்றையும் பாருங்கள். வண்டி சூடான பிறகு மட்டும் ஒட்டவில்லையா? கிளட்ச் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். அதைச் சரிசெய்தால் பல நேரம் போதும்.

ஒட்டியும் குளிரவில்லை என்றால் கேஜ் (கேஸ் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்) மாட்டச் சொல்லுங்கள். கேஸ் சரியான அளவில் இருந்தும் லோ சைடு (கம்ப்ரஸருக்குள் கேஸ் வரும் பக்கம்) அழுத்தம் அதிகமாகவும் ஹை சைடு (வெளியேறும் பக்கம்) குறைவாகவும் காட்டினால், கம்ப்ரஸர் உண்மையிலேயே போய்விட்டது என்று நம்பலாம்.

அப்புறம், பழையதைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயை விரலில் தொட்டுப் பாருங்கள். வெள்ளிப் பொடி போல மின்னினால் உலோகத் துகள் ஏசி பைப் லைன் முழுக்கப் பரவியிருக்கும். பைப்பை ஃப்ளஷ் செய்து (உள்ளே கழுவி), டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பாகம்), எக்ஸ்பேன்ஷன் வால்வு (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு), பெரும்பாலும் கன்டென்சரையும் (முன்பக்கம் ரேடியேட்டர் போல இருந்து சூட்டை வெளியேற்றுவது) மாற்ற வேண்டிவரும். இல்லாவிட்டால் புதிய கம்ப்ரஸரையும் அதே துகள் தின்றுவிடும். கேஸ் ஏற்றும் முன் குறைந்தது 30 நிமிடம் வேக்கூம் போடச் (பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க) சொல்லுங்கள்.