வாகனக் கேள்வி பதில்: ஏற்றத்தில் தடுமாறும் ஓட்டோ கியர்

கேள்வி: மரக்கறி ஏற்றுவதற்காக தானாகவே கியர் மாறும் (ஓட்டோ), நான்கு கியர் கொண்ட பழைய டீசல் டபள் கெப் ஒன்றை வைத்திருக்கிறேன். தம்புள்ளையில் சரக்கை இறக்கிவிட்டு உர மூட்டைகளுடன் இறம்பொடை ஏற்றத்தில் திரும்பும்போது, கியர் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஓயாமல் மாறுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் எஞ்சின் ஒரு கணம் வீணாக இரைந்த பிறகே கியர் பிடிக்கிறது. ஷிஃப்ட் கிட் பொருத்தினால் இரண்டும் சரியாகிவிடும் என்று கராஜில் சொல்கிறார்கள். பொருத்தலாமா?
- வாசகர், கந்தப்பளை

பதில்: நீங்கள் சொல்பவை இரு வேறு கோளாறுகள். ஷிஃப்ட் கிட் அவற்றில் ஒன்றைத்தான் தொடும்; அதையும் தீர்த்து வைக்கும் என்று உறுதி கூற முடியாது.

கியர் எப்போது மாற வேண்டும் என்பதை வண்டியின் வேகமும் நீங்கள் அக்சிலேட்டரை மிதிக்கும் ஆழமும் தீர்மானிக்கின்றன. மாறும்போது கிளச் தட்டுகள் எவ்வளவு விரைவாக, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன என்பதோ, எண்ணெயை உரிய கிளச்சுக்குத் திருப்பிவிடும் வால்வுகள் அடங்கிய 'வால்வ் பொடி' என்ற பகுதிக்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தத்தைப் பொறுத்தது. கிட் என்பது சில ஸ்பிரிங்குகளை மாற்றி, எண்ணெய் செல்லும் துளைகள் சிலவற்றைப் பெரிதாக்கி, அந்த அழுத்தத்தைக் கூட்டும் ஏற்பாடு மட்டுமே. ஆகவே மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலான ஊசலாட்டம் கிட்டினால் நிற்காது. முன்பு மெதுவாக மாறியது இனி வெடுக்கென்று மாறும், அவ்வளவுதான்.

அந்த ஊசலாட்டத்துக்குக் காரணம் எளிது. டொயோட்டா ஹைலக்ஸ் குடும்பத்தில் பரவலாக வந்த ஏ340 வகை கியர்பொக்ஸில் மூன்றாம் கியரின் விகிதம் 1.000, நான்காவதினுடையது 0.705. நான்குக்கு மாறியதும் எஞ்சின் சுற்று ஏறத்தாழ 30 வீதம் விழுகிறது. சுமையோடு ஏறும் வண்டியால் அதைத் தாங்க முடிவதில்லை. சாரதி இன்னும் ஆழமாக மிதிக்க, கியர் மறுபடி மூன்றுக்கு இறங்குகிறது. மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு என்பதால், டர்போ இல்லாத எஞ்சின் அங்கே நன்றாகவே வலு இழக்கும். புசல்லாவையைத் தாண்டியதும் கியர் பிடியிலுள்ள ஓவர் டிரைவ் (நான்காம் கியர்) பொத்தானை அணைத்துவிடுங்கள்; கியர் மூன்றுக்கு மேல் போகாது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இரண்டு-மூன்று மாற்றத்தில் எஞ்சின் இரைவதைத்தான் நான் அலட்சியமாக எடுக்க மாட்டேன். கிளச் பிடிப்பதற்கு முன் வழுக்குகிறது என்பதே அதன் பொருள். வண்டி நன்றாக ஓடிச் சூடான பின், சமதரையில் எஞ்சினை ஓடவிட்டு, கியர் பிடியை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய் 'பி'யில் (பார்க்) நிறுத்தி, எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்து ஒரு துளியை வெள்ளைத் தாளில் விடுங்கள். சிவப்பாகத் தெளிந்திருந்தால் நல்லது. கபில நிறமாகி இருந்தால் எண்ணெய் வயதாகிவிட்டது. கறுத்து, தீய்ந்த மணத்துடன் இருந்தால் கிளச் தட்டுகள் ஏற்கெனவே எரிந்திருக்கின்றன. அந்த நிலையில் கிட்டுக்குக் கொடுக்கும் காசு வீண். அழுத்தம் கூடியதால் சில மாதங்கள் கோளாறு மறைந்திருக்கலாம், பிறகு முழுக் கியர் பெட்டியையும் கழற்ற வேண்டிவரும்.

எண்ணெய் நன்றாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது த்ரொட்டில் கேபிள். பழைய வண்டிகள் பலவற்றில் எஞ்சினிலிருந்து கியர்பொக்ஸுக்குப் போகும் இந்த மெல்லிய கம்பிதான் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் அக்சிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடிக்க, கேபிளின் ரப்பர் உறை முனைக்கும் கம்பியில் நசுக்கிப் பொருத்திய சிறு நிறுத்திக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். டொயோட்டா கேட்பது 0 முதல் 1 மில்லிமீற்றர். கம்பி தளர்ந்து இடைவெளி கூடியிருந்தால் அழுத்தம் குறைந்து நீங்கள் சொல்லும் இரைச்சலே வரும். இரண்டு ஸ்பானர்களோடு முடியும் இந்த வேலையைச் செய்து பார்க்காமலே கிட்டை விற்கும் கராஜை நான் நம்ப மாட்டேன்.

இவற்றுக்குப் பிறகும் பணம் செலவழிக்க விரும்பினால் முதலில் தனி எண்ணெய் கூலர் ஒன்றைப் பொருத்துங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் 25, 30 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும்போது எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் மூலம் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வதில்லை. அதற்குள் எண்ணெய் சுழன்று சுழன்று கொதிக்கிறது. 80, 90 பாகை செல்சியஸில் நீண்ட காலம் உழைக்கும் எண்ணெய் 120 பாகையைத் தாண்டினால் வேகமாகக் கெடும். ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலரை நீக்கிவிடாமல், அதிலிருந்து வெளிவரும் எண்ணெய் புதிய கூலருக்குள் போகும்படி இணைக்கச் சொல்லுங்கள். தை மாதக் குளிரில் எண்ணெய் தேவைக்கு மேல் குளிர்ந்து போகாமல் இருக்க அது உதவும்.

கிட் கெட்ட பொருள் அல்ல. அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்கும் பிக்கப் வண்டிகளில் கிளச் வழுக்கும் நேரத்தைக் குறைத்து அது நல்ல பலன் தருகிறது. நல்ல நிலையிலுள்ள பெட்டியில், மிக மென்மையான அமைப்பில், தூசியில்லாத இடத்தில் பொருத்தினால் உங்களுக்கும் தரும். கடுமையான அமைப்பை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்: மழையில் நனைந்த தோட்டத்துப் பாதையில் வெறும் வண்டியை ஓட்டும்போது, ஒன்றிலிருந்து இரண்டுக்கு அடித்து மாறும் கியர் பாரமில்லாத பின்சக்கரங்களைச் சறுக்கவைக்கும்.

கேள்வி: என்னுடையது 2016ஆம் ஆண்டின் ஆறு கியர் கெப். எண்ணெய் மாற்றிய பின் கியர் இடித்து மாறுகிறது. இதற்கும் கிட் உண்டா?
- வாசகர், வெலிமடை

பதில்: தேட வேண்டாம். இத்தகைய வண்டிகளில் கணினியே கிளச்சின் தேய்வைக் கற்று அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளும். வண்டிக்கென்று குறித்த வகை எண்ணெயே ஊற்றப்பட்டதா, குறித்த வெப்பநிலையில் அளவு பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டும் சரியென்றால், ஸ்கேனர் கொண்டு பழைய கற்றலை அழித்துப் புதிதாகக் கற்கவைக்கலாம்.

கேள்வி: கினிகத்தேனை இறக்கத்தில் என் நான்கு கியர் ஓட்டோ கெப் கியரில் பிடித்து நிற்பதில்லை, தானாக உருள்கிறது. கிட் போட்டால் பிடிக்குமா?
- வாசகர், நோர்வூட்

பதில்: பிடிக்காது, உங்கள் பெட்டி பழுதாகவும் இல்லை. இவ்வகைப் பெட்டிகளில் 'டி' நிலையில் இரண்டாம் கியர் ஒருபக்கம் மட்டுமே பிடிக்கும் கிளச் வழியாக ஓடுகிறது. எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் எஞ்சினைத் தள்ள முடியாது. கியர் பிடியை '2'க்குக் கொண்டுவந்தால் உள்ளே இன்னொரு பட்டை இறுகி, எஞ்சின் வண்டியைத் தடுக்கத் தொடங்கும். இறக்கம் தொடங்குமுன் வேகத்தைக் குறைத்து '2'ஐ இடுங்கள். மிகச் செங்குத்தான தோட்டப் பாதைகளில், வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது மட்டும் 'எல்' (முதலாம் கியர்) போடுங்கள்.