டைனமோ லைட் மங்கலாக எரிகிறதா? முதல் செலவு பின்பக்கத்துக்கு

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நூற்பாலையில் இரவு 11 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து 9 கிலோமீட்டர் சைக்கிளில் வீடு திரும்புகிறார். பாதி தூரம் தெருவிளக்கு இல்லாத கிராமத்துச் சாலை, மீதி லாரி ஓடும் மெயின் ரோடு. அவர் கேட்பது: “பழைய 28 இஞ்ச் வண்டி. டைனமோ லைட் மங்கலாக எரிகிறது, வண்டி நின்றால் அணைந்துவிடுகிறது. 1,500 ரூபாய்க்குள் நல்ல லைட் எது? எத்தனை லூமன் வேண்டும்?”

லூமனுக்கு, அதாவது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவுக்கு, அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் பின்பக்கம் பற்றி ஒரு வரி கூட இல்லை. அந்த 1,500 ரூபாயில் முதல் செலவு அங்கேதான். கிராமத்துச் சாலையில் பள்ளம் உங்களுக்குத் தெரிய வேண்டும். மெயின் ரோட்டில் நீங்கள் லாரிக்காரருக்குத் தெரிய வேண்டும். பள்ளத்தில் விழுந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு எழுந்துவிடலாம். பின்னால் வரும் லாரி அப்படி விடாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. எதிர்வண்டிக்காக டிம் போட்டுக்கொண்டு வரும் டிரைவருக்குக் கறுப்புச் சட்டையும் துருப்பிடித்த மட்கார்டும் புலப்படும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். வேலைக்குக் கொண்டுபோகும் பையைக் கேரியரில் கட்டி, வண்டியை இருட்டில் நிறுத்தி, பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் போய், டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். மட்கார்டில் உள்ள சிவப்பு ரிஃப்ளெக்டர் பளிச்சென்று தெரிகிறதா? பல வண்டிகளில் தெரியாது. ஒன்று சேறு அப்பியிருக்கும், இல்லையென்றால் பை தொங்கி மறைத்திருக்கும். தெரிந்தாலும் அது தானாக எரிவதில்லை. தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. வளைவில் வரும் லாரியின் விளக்கு உங்கள்மேல் விழாத நேரத்தில் அது இருந்தும் பயனில்லை. ஆகவே சார்ஜ் போடும் சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சீட்டுக்குக் கீழே மாட்டினால் பை மறைத்துவிடும், கேரியரின் பின்விளிம்பில் மாட்டுங்கள். விட்டுவிட்டு எரியும் மோடு கவனத்தை இழுக்கும், ஆனால் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது டிரைவருக்குச் சிரமம். நிலையாக எரியவிடுங்கள். இரண்டு விளக்கு வாங்க முடிந்தால் ஒன்று நிலையாகவும் ஒன்று மின்னியும் எரியட்டும்.

அடுத்தது, காசு அதிகம் பிடிக்காத ஒன்று. லாரிகளில் ஒட்டும் ஒளிர் டேப் ஸ்டிக்கர் கடைகளில் கிடைக்கும். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள் என்பது லாரிக்கு உள்ள விதி, சைக்கிளுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டைத் துடைத்து, காயவைத்து, பிறகு ஒட்டுங்கள். பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தால் மாற்றுங்கள். கணுக்காலைச் சுற்றியும் ஒளிர் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். சட்டைமேல் போடும் ஒளிர் ஜாக்கெட்டை விட இதைத்தான் நான் முதலில் சொல்வேன். மேலும் கீழும் போய்வரும் கால் அசைவைக் கண்டதும், அங்கே ஒரு மனிதர் மிதித்துக்கொண்டு போகிறார் என்று மூளை உடனே பிடித்துக்கொள்கிறது. பிரிஸ்பேனில் உள்ள குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் என்பவரின் குழு இதைச் சோதித்தது. ஜாக்கெட்டோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியவர்களை, வெறும் ஜாக்கெட் போட்டவர்களை விட மிக அதிகமாக டிரைவர்கள் அடையாளம் கண்டார்கள். ஒளிர் பட்டை இல்லாத, வெறும் பளீர் நிறத் துணி இரவில் பெரிதாக உதவவில்லை.

சரி, இப்போது முன்விளக்கு. டைனமோவைக் கழற்றி எறிய வேண்டாம். 6 வோல்ட், 3 வாட் டைனமோ ஒழுங்காக வேலை செய்தால் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்திலேயே விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைத் தந்துவிடும். மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. இந்த வண்டிகளில் விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். மின்சாரம் திரும்பி வருவது வண்டியின் இரும்புச் சட்டம் வழியாக. டைனமோவைப் பிடிக்கும் கிளாம்பில் கூர்முனை ஸ்குரூ ஒன்று இருக்கும். அது பெயின்டைத் துளைத்து இரும்பைத் தொட வேண்டும். அங்கே துரு ஏறினாலோ, புதுப் பெயின்ட் அடித்திருந்தாலோ இணைப்பு விட்டுப்போகும். ஸ்குரூவைக் கழற்றி, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்குங்கள். விளக்கு ஸ்டாண்டு ஃபோர்க்கைத் தொடும் இடத்திலும் இதையே செய்யுங்கள். டைனமோவின் உருளை டயரின் பக்கச் சுவரில் நேராக உட்கார வேண்டும். டைனமோ உடலின் நடுக்கோடு சக்கரத்தின் அச்சைப் பார்த்து நின்றால் சரி. கோணலாக இருந்தால் மிதிப்பது கனக்கும், டயரும் அரிக்கும்.

பழைய பல்பை எல்.இ.டி.யாக மாற்றலாம். ஆனால் டைனமோ தருவது திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி. மின்சாரம், வேகம் கூடினால் வோல்ட்டும் ஏறும். பேட்டரி டார்ச்சின் எல்.இ.டி.யைப் பிடுங்கிப் போட்டால் இறக்கத்தில் ஒருநாள் கருகிவிடும். டைனமோவுக்கென்றே செய்த எல்.இ.டி. விளக்காகக் கேட்டு வாங்குங்கள். வண்டி நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் வகையும் அதில் உண்டு. அது கிடைக்காவிட்டால் சார்ஜ் போடும் விளக்கை ஹேண்டில்பாரில் வைத்து, டைனமோவைக் கூடுதல் துணையாக விட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்தி டயர்க் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கண்டிப்பு இன்று சாலையில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

லூமன் எத்தனை? உங்கள் பாதைக்கு 200 முதல் 400 வரை உண்மையான லூமன் தாராளம். அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். டார்ச் வட்டமாக அடிக்கும். பாதி வெளிச்சம் வானத்துக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போய்விடும். மேல்பக்கம் வெட்டினாற்போல் நின்று, சாலையில் மட்டும் பரவும் சைக்கிள் விளக்காகப் பாருங்கள். மாட்டியபின் வண்டியைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். சுவரில் வெளிச்சத்தின் நடுப்பகுதி, விளக்கு இருக்கும் உயரத்தில் சரிபாதியில் விழ வேண்டும். அப்படியென்றால் சாலையில் 10 மீட்டர் முன்னால் விழும். குலுக்கலில் விளக்கு தொங்கிப்போகாமல் இருக்க, கிளாம்புக்கு அடியில் பழைய டியூபைத் துண்டு வெட்டிச் சுற்றுங்கள்.

மெயின் ரோட்டில் வீடு எதிர்ப்பக்கம் இருக்கிறதே என்று ராங் சைடில் மட்டும் போகாதீர்கள். எதிரே வரும் வண்டியின் வேகமும் உங்கள் வேகமும் கூடிவிடும், பின்விளக்கும் வீண். எதிர்வெளிச்சம் கூசினால் சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து மெதுவாகப் போங்கள்.

பேட்டரி விளக்கு வாங்கும்போது அட்டையில் 10,000 லூமன் என்றோ, உள்ளே இருக்கும் 18650 என்ற அளவு லித்தியம் செல்லில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி (mAh) என்றோ போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிச் சரக்கே 3,500 சுற்றித்தான் நிற்கும். மழைக்கு, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று காட்டும் ஐ.பி.எக்ஸ். 4 முத்திரையாவது வேண்டும். சார்ஜ் போடுவதை வீட்டில் வேலைக்குக் கிளம்புமுன் முடித்துவிடுங்கள். பஞ்சு பறக்கும் மில்லுக்குள் வேண்டாம்.