கீமோ எடுக்கும் பிள்ளைக்கு இரவில் காய்ச்சல்: விடியும்வரை பார்த்திருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. இரத்தப் புற்றுநோய்க்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ கொடுக்கிறார்கள். இடைப்பட்ட நாட்களில் களுவாஞ்சிக்குடியில் வீட்டில்தான் இருக்கிறோம். போன தடவை ஊசி போட்டு ஒன்பதாம் நாள் இரவு உடம்பு சுட்டது. பனடோல் கொடுத்தேன், தணிந்தது. விடிந்த பிறகுதான் கொண்டுபோனேன். இனி அப்படி வந்தால் என்ன செய்வது? வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்குதில்லை. மாமி வெண்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவச் சொல்கிறார். படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிர் கொடுக்கலாமா?

பதில்: முதல் கேள்விக்குத்தான் அதிக இடம் எடுக்கப் போகிறேன், தங்கச்சி. கீமோ எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் புறப்பட வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? கீமோ புற்றுக் கலங்களோடு சேர்த்து, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். பெரும்பாலும் ஊசி போட்டு ஏழு நாள் முதல் பதினான்கு நாள் வரைக்கும்தான் அவை மிகக் கீழே போகும். உங்கள் ஒன்பதாம் நாள் அதற்குள்தான் வருகிறது. அந்த அணுக்களில் முக்கியமான நியூட்ரோபில் ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 500க்குக் கீழே இறங்கினால் பிள்ளையின் உடம்பில் சீழ் கட்டாது, புண் சிவக்காது, சளியும் பெரிதாகத் தெரியாது. சீழாக வருவதே இந்த அணுக்கள்தானே. ஆக, காய்ச்சல் ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும் அறிகுறி. பனடோல் கொடுத்தால் அதையும் மறைத்துவிடுவோம். உள்ளே கிருமி இரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். சில மணித்தியாலங்களிலேயே இரத்த அழுத்தம் விழுந்துவிடலாம்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தேர்மோமீற்றர் வைத்திருங்கள். கையால் தொட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். கக்கத்தில் வைத்துப் பாருங்கள், மலவாயில் வைக்கவே கூடாது. 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் காட்டினால் வாட்டுக்கு போன் பண்ணிக்கொண்டே வெளிக்கிடுங்கள். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் எடுக்கும் நாட்களில் காய்ச்சல் வெளியில் தெரியாமலும் போகும். அதனால் நடுக்கம், கைகால் குளிர்தல், வழமைக்கு மாறான சோர்வு இருந்தால் தேர்மோமீற்றர் என்ன காட்டினாலும் கொண்டுபோங்கள். நெஞ்சில் லைன் (மருந்து ஏற்றும் குழாய்) போட்டிருக்கும் பிள்ளைக்கு, அதில் மருந்து ஏற்றிய சிறிது நேரத்தில் நடுக்கம் எடுத்தால் லைனுக்குள் கிருமி இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

எங்கே போவது? காய்ச்சலோடு மகரகமவுக்கு இரவு பஸ் ஏறாதீர்கள். பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். போன உடனே ஓபிடி வரிசையில் நிற்காமல் கிளினிக் கொப்பியை மேசையில் வைத்து, “கீமோ எடுக்கிற பிள்ளை, காய்ச்சல் அடிக்குது, வெள்ளை அணு குறைஞ்சிருக்கலாம்” என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பு வழியாக முதல் அன்டிபயோட்டிக் ஏற வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அதைத் தாமதிக்கத் தேவையில்லை. மகரகமவுக்கு மாற்றுவதா என்பதை டொக்டர்மார் பிறகு பேசித் தீர்மானிப்பார்கள். அடுத்த தடவை வாட்டை விட்டு வரும்போது நோயின் பெயர், கடைசிக் கீமோ எந்தத் தேதி, என்னென்ன மருந்து, கடைசி பிளட் கவுண்ட், ஒவ்வாமை, வாட் போன் நம்பர் எல்லாம் எழுதி ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கொப்பியின் அட்டைக்குள் அது எப்போதும் இருக்கட்டும்.

இன்னொன்று. நான் துப்புரவாக வைத்திருக்கவில்லையோ என்று அம்மாமார் தங்களையே குறைசொல்வது வழக்கம். இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை பிள்ளையின் சொந்தக் குடலிலும் வாயிலும் தோலிலும் ஏற்கெனவே இருப்பவைதான்.

சரி, வாய்ப்புண்ணுக்கு வருவோம். வெண்காரம் வேண்டாம். அது உள்ளே போனால் நஞ்சு; புண்ணான வாயில் தடவினால் உள்ளேதான் போகும். தேனும் இந்த நாட்களில் வேண்டாம். கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கப் போகுமுன்பும் கொப்பளித்துத் துப்பச் செய்யுங்கள். தினமும் புதிதாகக் கரையுங்கள். மிக மென்மையான பிரஷ்கூட நோகுதென்றால், சுத்தமான கோஸ் துணியை அந்தத் தண்ணீரில் நனைத்து விரலில் சுற்றி மெல்ல ஒத்தி எடுங்கள். கடையில் விற்கும் எரிச்சலான மவுத்வொஷ் வேண்டாம். வாட்டில் தந்த வலிமருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு கொடுத்தால் கஞ்சி இறங்கும். ஆனால் தந்தது பனடோல் என்றால் காய்ச்சல் பார்க்காமல் ஒரு வேளையும் கொடுக்காதீர்கள். கஞ்சி ஆறியிருக்க வேண்டும், தேசிக்காய் புளியோ சம்பலோ வேண்டாம். நாக்கில் வெள்ளை படிந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து. தண்ணீரும் விழுங்க முடியாமல், எட்டு மணித்தியாலமாகச் சிறுநீரும் போகாவிட்டால் வாட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

தயிர் விஷயம் மாமிக்குக் கோபத்தைத் தரலாம். அந்தச் சட்டித் தயிரின் ருசி எனக்கும் தெரியும். ஆனால் பாலை எப்படிக் காய்ச்சினார்கள், சட்டி எத்தனை கை மாறி வந்தது என்று நமக்குத் தெரியாது. வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் வேண்டாம், கவுண்ட் ஏறியதும் டொக்டரிடம் கேட்டுக் கொடுக்கலாம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு. இபுபுரோஃபென், அஸ்பிரின் எதுவும் கொடுக்கக் கூடாது. இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் குறைந்த பிள்ளைக்கு இரத்தம் நிற்காது. வின்கிறிஸ்டின் என்ற கீமோ ஊசிக்குப் பிறகு மலம் இறுகும், அதற்காகப் பின்பக்கமாக மருந்து வைக்காதீர்கள், குடிக்கும் மருந்து கேளுங்கள்.

அடுத்தது அம்மாள் வருத்தம். கொப்புளிப்பான் போட்ட பிள்ளையோடு மகள் ஒரே அறையில் இருந்தாள் என்று தெரிந்தால் கொப்புளம் வரட்டும் என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே வாட்டுக்குச் சொல்லுங்கள்; நான்கு நாட்களுக்குள் தடுப்பு மருந்து கொடுத்தால்தான் நல்ல பலன். கவுண்ட் இறங்கியிருக்கும் நாட்களில் கோயில் சடங்குக்கும் கூட்டத்துக்கும் கூட்டிப்போகாதீர்கள். வீட்டில் வேறு சின்னப் பிள்ளைகள் இருந்து போலியோ சொட்டு கொடுக்கும் வயது வந்தால், மகளின் நோயைக் குடும்பநல மாதுவிடம் முன்கூட்டியே சொல்லி, சொட்டுக்குப் பதிலாக ஊசி கேளுங்கள்.