சிலிக்கோன் பூசியும் காருக்குள்ள மழைத்தண்ணி வாறது நிக்கேல்லையோ? முதல்ல டோரைப் பாருங்கோ

கொக்குவிலில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தன்ர கொரோலா 110 இல மழை பெய்தால் இடப்பக்க முன்சீற்றில இருக்கிறவை கால் வைக்கிற இடத்தில கார்ப்பெற் ஊறிப்போகுதாம், ஒரு கராஜில குடுத்து முன்கண்ணாடியைச் சுத்தி ரெண்டுதரம் சிலிக்கோன் பூசியாச்சாம், அப்பவும் நிக்கேல்லையாம், உள்ளுக்க பூஞ்சண மணம் தாங்கேலாதாம். கார் நிக்கிறது வேப்பமரத்துக்குக் கீழ. ஆவணியில முன் டோர் ரெண்டுக்கும் புது ஸ்பீக்கர் போட்டதாம், அதைக் கடைசி வரியில சும்மா சொல்லி விட்டிருக்கிறார்.

தம்பி, உந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாத் தெரியுது. ஆனா அதுக்கு முதல் இது மழைத்தண்ணிதானா எண்டதை உறுதிப்படுத்துங்கோ, ஏனெண்டா எங்கட நாட்டுக் கார்களில ஏசி பெட்டி இருக்கிறதும் அதே இடப்பக்கம்தான். அதின்ர தண்ணி வெளிய போற சின்ன பைப் அடைச்சால் அதே கார்ப்பெற்தான் ஊறும். வெயில் நாளில ஏசியைப் போட்டு ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிசம் ஓட விட்டிட்டுக் குனிஞ்சு பாருங்கோ, காருக்குக் கீழ நிலத்தில சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுந்தால் அந்தப் பைப் சுகம். கார்ப்பெற்றில ஊறின தண்ணி பிசுபிசுப்பா, நிறமா, இனிச்ச மணத்தோட இருந்தால் அது ஹீற்றரில இருந்து வாற கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணி), அது வேற வேலை, ரேடியேற்றர் தெரிஞ்ச ஆளிட்டக் காட்டுங்கோ.

இனி டோர். கனபேருக்குத் தெரியாத விசயம் என்னண்டா டோருக்குள்ள மழைத்தண்ணி போறது பிழையே இல்லை. கண்ணாடி ஏறி இறங்கிற இடத்தில இருக்கிற றபர் பீடிங் முழுத்தண்ணியையும் மறிக்காது, மிச்சம் கண்ணாடியோட வழிஞ்சு டோருக்குள்ள இறங்கி அடியில இருக்கிற ஓட்டைகளால வெளிய போகும், கார் செய்தவங்களே அப்பிடித்தான் செய்திருக்கிறாங்கள். அந்தத் தண்ணி உங்கட பக்கம் வராமல் மறிக்கிறது டோர் போர்ட்டுக்கு (டோரின்ர உட்பக்கத்தை மூடியிருக்கிற தட்டுக்கு) பின்னால கறுத்தப் பசையால ஒட்டியிருக்கிற ஒரு பொலித்தீன் மட்டும்தான். ஸ்பீக்கர் பூட்டுற பெடியள் அவசரத்தில அதை வெட்டுவினம், இல்லாட்டி இழுத்துக் கிழிச்சுப்போட்டு அப்பிடியே போர்ட்டை அமத்தி மூடிவிடுவினம், பேந்து மாரி வரேக்கைதான் தெரியவரும். போர்ட்டின்ர அடிவிளிம்பைக் கையால தடவிப் பாருங்கோ, ஊதி மெத்தெண்டு இருந்தால் தண்ணி அதாலதான் வருது எண்டதில எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்ப ஏன் இடப்பக்கம் மட்டும் எண்டு கேப்பியள். கார் நிக்கிற சரிவு, மழை அடிக்கிற பக்கம், எந்த டோரில கூடக் கிழிச்சவங்கள் எண்டதுகளைப் பொறுத்தது அது. ஆனபடியா வலப்பக்கத்தையும் பாக்காம விடாதேங்கோ.

ரெண்டாவது சந்தேகம் வேப்பமரம். வைப்பருக்குக் கீழ இருக்கிற பிளாஸ்ரிக் தட்டுக்கு உள்ளுக்க ஒரு வாய்க்கால் மாதிரி ஓடுது, முன்கண்ணாடியால வழியிற தண்ணி முழுக்க அதுக்குள்ள விழுந்து ரெண்டு கரையாலயும் மட்காட்டுக்குப் பின்னால இறங்கும். வேப்பஞ்சருகும் பூவும் அதுக்குள்ள ஊறிச் சேறாகி அடைச்சால் தண்ணி மட்டம் ஏறி புளோவருக்கு (ஏசி ஃபேனுக்கு) காத்து எடுக்கிற வாயால உள்ளுக்க விழும், அதுவும் இடப்பக்கம்தான். ஃபேனைப் போடேக்கை சருகு உரசிற சத்தமோ சேத்து மணமோ வந்தால் இதுதான். வைப்பரைக் கழற்றி, தட்டைத் தூக்கி, கையால அள்ளி எடுங்கோ. கம்பியால குத்தாதேங்கோ, ஈர்க்கில் காணும்.

எது எண்டு பிடிக்கிறதுக்கு ஒருத்தரைக் கூப்பிட்டு காருக்குள்ள ரோச்சோட இருத்துங்கோ, இடப்பக்கக் கார்ப்பெற்றைக் கிளப்பி வெறும் தகட்டில பழைய பேப்பரை விரியுங்கோ, நீங்கள் வெளியில ஹோஸால மெதுவா, அழுத்தம் இல்லாம, கீழ இருந்து மேல எண்ட ஒழுங்கில தண்ணி விடுங்கோ. முதல் டோரின்ர அடி, பேந்து டோர்க் கண்ணாடி, பேந்து வைப்பர்த் தட்டு, கடைசியா முன்கண்ணாடியின்ர மேல்விளிம்பு. ஒவ்வொரு இடத்திலயும் பத்து நிமிசமாவது நிண்டு விடவேணும். மேல இருந்து தொடங்கினால் தண்ணி எல்லா இடத்தாலயும் வழியும், ஒண்டும் பிடிக்கேலாது. சேர்விஸ் ஸ்ரேசனில தண்ணி பீச்சிற பிரஷர் கன்னால அடிச்சுப் பாக்கிறதும் சரிவராது, அது நல்ல பீடிங்காலயும் தண்ணியை உள்ளுக்க தள்ளும். டோர்க் கண்ணாடியில விடேக்கை டோருக்கு அடியால தண்ணி சொட்டவேணும், சொட்டாட்டி அந்த ஓட்டைகள் அடைப்பு, அதுக்கும் ஈர்க்கில்தான்.

பொலித்தீன் கிழிஞ்சிருந்தால் திருத்தம் லேசு. போர்ட்டைக் கழற்ற முதல் கொஞ்சக் கிளிப் வாங்கி வையுங்கோ, இந்த வயசுக் காரில பழைய கிளிப் கட்டாயம் உடையும். தடிச்ச பொலித்தீனை அளவுக்கு வெட்டி, தகட்டை ஸ்பிரிட்டால துடைச்சுக் காயவிட்டு, பியூட்டைல் டேப்பால (பிசுபிசுப்பான கறுத்த றபர்ப் பசை டேப்) சுத்திவர ஒட்டுங்கோ. அடிப்பக்கத்தை மட்டும் கவனமாச் செய்யவேணும், பொலித்தீனில வழியிற தண்ணி திரும்ப டோருக்குள்ளயே விழுற மாதிரி அந்த விளிம்பு உள்ளுக்க போகவேணும். கனபேர் பிழைவிடுறது அதிலதான். ஸ்பீக்கருக்குப் பின்னாலயும் ஒரு துண்டு பொலித்தீனைத் தொளதொளவெண்டு மறைப்பாப் போட்டுவிடுங்கோ.

சிலிக்கோன் விசயத்தில எனக்குக் கோவமே வருது. உங்கட காரில முன்கண்ணாடி பசையால ஒட்டினது, வெளிப்பக்க பீடிங்கில மேலால பூசிறதால உள்ளுக்க இருக்கிற ஓட்டை அடைபடாது. வினாகிரி மணக்கிற சாதி சிலிக்கோன் வெறும் தகட்டில பட்டால் கறளைக் கூட்டும், பேந்து கண்ணாடியைக் கழற்றி முறையா ஒட்டப்போனாலும் அந்த மிச்சத்தில புதுப் பசை பிடிக்காது. எங்கட உப்புக்காத்துக்கு இது சரியான கூடாத வேலை. சோதினையில கண்ணாடிப் பக்கத்தாலதான் தண்ணி வருது எண்டு கண்டால் கண்ணாடி வேலை செய்யிற ஆளிட்டக் குடுத்துக் கழற்றி, சட்டத்தில கறள் ஓட்டை இருக்கோ எண்டு பாத்து, கறளைச் சுரண்டிப் பெயின்ட் அடிச்சு ஒட்டுவியுங்கோ.

கார்ப்பெற்றுக்குக் கீழ இருக்கிற தடிச்ச பஞ்சையும் வெளியில எடுங்கோ, மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், அமத்தினால் தண்ணி வரும், மணம் வாறதே அதில இருந்துதான். அதுக்குக் கீழ போற வயர்க் கனெக்டர்களில பச்சையாப் பூத்திருக்கோ எண்டும் பாருங்கோ, பற்றரி வயரைக் கழற்றிப்போட்டுத்தான் கை வைக்கவேணும், மஞ்சள் வயரைத் தொடவே வேண்டாம், அது எயார்பாக். தண்ணி போகட்டும் எண்டு தகட்டில துளை போடுவிக்கச் சொல்லி ஆரும் சொன்னால் கேக்காதேங்கோ, அடியில றபர் மூடி போட்ட ஓட்டைகள் ஏற்கெனவே இருக்கு, அதைக் கழற்றி வடியவிட்டுத் திரும்பப் பூட்டினால் காணும். பஞ்சை ஃபேன் காத்தில நல்லாக் காயவிட்டு, ரெண்டு மூண்டு பெருமழைக்கு வெறும் தகட்டில பேப்பரோட ஓடுங்கோ, பேப்பர் காய்ஞ்சபடி இருந்தால் மட்டும் கார்ப்பெற்றை விரியுங்கோ.