செட்டிநாட்டு ஊர்களில் பேட்டரி சைக்கிளில் ஒரு நாள்: கேள்வி பதில்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆறு ஆண்டுகளாகப் பேட்டரி சைக்கிள் ஓட்டி வருகிறேன். ஒரே நாளில் சுற்றிவர விரும்பும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் அனுபவத்தில் அறிந்ததைக் கொண்டு விடை தருகிறேன்.

கேள்வி (திருச்சி): 250 வாட் மோட்டாரும் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியும் உள்ள சாதாரண சைக்கிள் என்னுடையது. ஒரு நாளில் எந்த ஊர்களைப் பார்க்கலாம்? எந்தப் பக்கமிருந்து தொடங்குவது நல்லது?

காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், மீண்டும் காரைக்குடி என்ற சுற்று கூடக்குறைய 50 கிலோமீட்டர் வரும். பெரும்பாலும் சமதரை என்பதால் உங்கள் மோட்டாருக்கு இது தாராளமாகத் தாங்கும். பலரும் கோட்டையூர் வழியாகத் தொடங்கிக் கோயில்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள். அதில்தான் தவறு நேர்கிறது. நண்பகலில் கோயில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும் என்பதால் கோயில்களைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் குன்றக்குடி மலையேறி முருகனைத் தரிசித்து, அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் உள்ள பிள்ளையார்பட்டியில் குன்றைக் குடைந்து வடித்த வலம்புரிப் பிள்ளையாரைப் பார்த்துவிடலாம். பத்து மணியளவில் ஆத்தங்குடிக்குப் போனால், தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டுக் கற்களைச் செய்பவர்கள் முழு வேலையில் இருப்பார்கள். உச்சிப்பொழுதுக்குக் கானாடுகாத்தான் சேர்ந்து, அங்கே சாப்பாடு, ஓய்வு, சார்ஜ் மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்ததும் வீதிகளில் நின்று வீடுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், ஊர் திரும்ப எஞ்சியிருப்பது ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான்.

கேள்வி (மதுரை): ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர் போகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்கு முப்பதைத் தாண்டுவதில்லை. பேட்டரி பழுதா, என்னை ஏமாற்றிவிட்டார்களா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். 36 வோல்ட்டை 10 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 360 வாட்-மணி. உங்கள் கையிருப்பு அவ்வளவுதான். மோட்டார் உதவியைக் குறைந்த நிலையில் வைத்து நீங்களும் மிதித்துக்கொண்டு போனால் கிலோமீட்டருக்கு ஆறு முதல் எட்டு வாட்-மணி செலவாகும். மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் திருகிக்கொண்டு போனால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். விற்பவர் முதல் கணக்கைச் சொல்கிறார், நாம் இரண்டாவது விதமாக ஓட்டுகிறோம். ஆடி மாதத்தில் எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டால் இந்தக் கணக்கும் பொய்த்துப்போகும்.

திரையில் தெரியும் கட்டங்களை நம்பாதீர்கள். வோல்ட் அளவு காட்டும் திரையாக இருந்தால் அதைப் பாருங்கள். 36 வோல்ட் பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது 42 காட்டும். ஓட்டத்தில் 34-க்கு இறங்கிவிட்டால் அடிமடியில் கை வைத்தாயிற்று என்று பொருள்.

கேள்வி (சென்னை): நடுவழியில் சார்ஜ் செய்ய, முன்பின் தெரியாதவர் வீட்டில் கேட்கலாமா? எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கேட்கலாம், ஆனால் சாப்பிடும் இடத்திலேயே கேட்பதுதான் முறை. காலையிலேயே தொலைபேசியில் சாப்பாடு சொல்லும்போது, "ஒரு பிளக் பாயின்ட் வேண்டும், இரண்டு மணி நேரம் போட்டுக்கொள்கிறேன்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். காலிப் பேட்டரியை நிரப்பினாலும் அரை யூனிட் மின்சாரத்துக்கு மேல் ஆகாது என்பதைச் சொன்னால் தயங்குகிறவர்களும் சிரித்துக்கொண்டே இடம் காட்டுவார்கள். பணம் வாங்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

இரண்டு ஆம்பியர் சார்ஜர் இரண்டு மணி நேரத்தில் 4 ஆம்பியர்-மணி ஏற்றும். திரும்புவதற்கு அது போதும். வெயிலில் ஓடி வந்த சூட்டோடு சார்ஜரைச் செருகக் கூடாது. சாப்பிட்டு முடிக்கும் வரை நிழலில் வைத்து, தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்த பிறகு போடுங்கள். லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் சூட்டுக்குப் பெரும் பங்குண்டு. (இந்தச் சுற்று தொடங்கும் காரைக்குடியில்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் ஊரிலிருந்து பேட்டரி சைக்கிளில் புறப்படுவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.)

கேள்வி (தஞ்சாவூர்): ஓட்டுநர் உரிமம், பதிவு எண் தேவையா?

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, விதிகள் சொல்லும் எடை வரம்புக்குள் இருந்தால் தேவையில்லை. வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை எடுத்துவிட்டு ஓட்டினால் அந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. தலைக்கவசத்தைச் சட்டத்துக்காக அல்லாமல் தலைக்காக அணியுங்கள்.

கேள்வி (புதுக்கோட்டை): மோட்டார் பின்சக்கரத்தில் இருக்கிறது. பஞ்சர் ஆனால் என்ன செய்வது? கிராமத்துக் கடைக்காரர்கள் தொடவே பயப்படுகிறார்கள்.

இது எனக்கும் நேர்ந்தது. ஆத்தங்குடிக்குச் சற்று முன்னால், சரளைப் பாதையில் ஆட்டு மந்தைக்கு ஒதுங்கியபோது சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. எனக்கு அப்போது விவரம் தெரியாது. அச்சு நட்டைக் கழற்றி, மோட்டார் ஒயரை இழுத்து, அதன் இணைப்பில் ஒரு ஊசியை வளைத்துவிட்டேன். எஞ்சிய தூரம் முழுவதும் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை வெறும் காலால் மிதித்து வந்தேன்.

சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம் என்பதைப் பின்னர் ஒரு முதிய பஞ்சர்கடைக்காரர் செய்து காட்டினார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தினால் கைப்பிடியில் உள்ள திரை நசுங்கும் என்பதால், அதை மரத்தில் சாய்த்தார். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி வெளியே எடுத்து, உள்டியூபில் காற்றடித்து, கன்னத்தருகே கொண்டுபோய்க் காற்று கசியும் இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பளபளப்பு மங்கிக் காயும் வரை பொறுத்திருந்துதான் ஒட்டுப் போட்டார். பிறகு டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் ஒரு சுற்று துடைத்தார். துணி சிக்கிய இடத்தில் முறிந்த முள்முனை இருந்தது. விரலால் தடவியிருந்தால் விரலில் ஏறியிருக்கும், எடுக்காமல் விட்டிருந்தால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். கையில் ஒரு சிறு பம்பும் ஒட்டுப் பெட்டியும் இருந்தால் நீங்களே இதைச் செய்துகொள்ளலாம்.

கேள்வி (கும்பகோணம்): எனக்கு வயது அறுபத்திரண்டு, முழங்கால் வலி உண்டு. பேரனோடு வரலாமா?

தாராளமாக வரலாம், அம்மா. மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மட்டும் மடங்கும்படி இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள். தாழ்ந்த இருக்கைதான் வலியைக் கூட்டும். பல வண்டிகளில் மிதியைச் சுற்றிய கணத்தில் மோட்டார் வெடுக்கென்று இழுக்கும். ஆகையால் ஏறும்போது பிரேக்கைப் பிடித்தபடியே ஏறி, மோட்டார் உதவியின் முதல் நிலையில் தொடங்குங்கள். குன்றக்குடியில் படியேற வேண்டியதில்லை, அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி (சிங்கப்பூர்): என் சைக்கிளை விமானத்தில் கொண்டுவர முடியுமா?

பேட்டரியைக் கொண்டுவர முடியாது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் எடுத்துச் செல்ல அனுமதியில்லை. தங்கும் விடுதியில் சைக்கிள் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வாருங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஆத்தங்குடியில் என்னதான் பார்ப்பது? கற்களை வாங்கிச் சைக்கிளிலேயே கொண்டுவரலாமா?

கண்ணாடித் தகட்டின் மேல் பித்தளை அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் பூவாக நிற்கும்; அந்த ஒரு நொடிக்காகவே நான் ஒவ்வொரு முறையும் அங்கே நின்றுவிடுகிறேன். அதன் மேல் சிமென்டும் மணலும் இட்டு நிரவி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். இதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியைப் பிரித்தெடுத்ததும் பளபளப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது.

சைக்கிளில் கொண்டுவருவது பற்றிச் சொன்னால், இரண்டு கல்லுக்கு மேல் ஏற்றாதீர்கள். வேகத்தடையில் ஒரு குதி குதித்தால் மூலை உடைந்துவிடும். என் பையில் வந்த நான்கில் முழுதாக வீடு சேர்ந்தது ஒன்று. அதன் மேல்தான் இப்போது மோர்ச்செம்பு வைக்கிறோம்.