மறந்தது திரும்பி வந்தால் தோண்டலாமா?

கேள்வி: வயது 34, உசிலம்பட்டி பக்கம். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து, சின்ன வயதில் லீவுக்குப் போய்த் தங்கிய உறவினர் வீட்டு மாடியறை துண்டுதுண்டாக ஞாபகம் வருகிறது. பீடி நாற்றம், தாழ்ப்பாள் போடும் சத்தம், ஒரு கை. தூக்கமே இல்லை. இத்தனை வருஷம் எப்படி மறந்திருக்கும்? ஹிப்னாடிசம் செய்தால் முழுசாக வந்துவிடும் என்கிறாள் தங்கை. அம்மா கோடாங்கியிடம் கூப்பிடுகிறார்.

பதில்: இரண்டுமே வேண்டாம்.

மறந்திருக்க முடியும். 1970களில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பதிவான சிறுமிகளை, லிண்டா வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் 17 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பேசினார். 129 பெண்களில் 38 சதவீதம் பேர் அந்தச் சம்பவத்தைச் சொல்லவே இல்லை. சிலர் வேண்டுமென்றே மறைத்திருக்கலாம்; எல்லோரும் அப்படி என்று சொல்ல முடியாது. சோறு போடுகிற வீட்டு ஆளே கெடுதல் செய்தால், அதை நினைக்காமல் இருந்தால்தான் குழந்தை அங்கே காலம் தள்ள முடியும். நடந்தது இன்னதென்று அந்த வயதில் புரியாமலே போய், வளர்ந்த பிறகு உறைப்பதும் உண்டு. தன் பிள்ளை அதே வயதைத் தொடும்போது இது கிளம்புவது அதிசயமில்லை.

ஆனால் நடக்காததும் நினைவாக ஒட்டிக்கொள்ளும். 1995-ல் வெளியான ஆய்வில் எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 24 பேரிடம், சின்ன வயதில் கடைத்தெருவில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையை, வீட்டார் சொன்னதுபோல் கொடுத்தார். ஏறக்குறைய கால்வாசிப் பேர் கொஞ்சமாவது ‘ஞாபகம் இருக்கிறது’ என்றார்கள். ஹிப்னாடிசத்தில் சொன்னதை மனம் சட்டென்று வாங்கிக்கொள்ளும். உடுக்குச் சத்தத்துக்கு நடுவே, சொந்தபந்தம் சுற்றி நிற்க, ‘ஒரு ஆம்பளையால வந்த வினை’ என்று கோடாங்கி சொன்னாலும் அதே கதைதான். அந்தக் கைக்கு ஒரு முகம் வந்துவிடும். அப்புறம் எது உங்களுடையது, எது அவர்கள் தந்தது என்று உங்களாலேயே பிரிக்க முடியாது. பளிச்சென்று தெரிவதோ உடம்பு நடுங்குவதோ அத்தாட்சி ஆகாது.

ஒரு நோட்டில் வந்ததை வந்தபடி, தேதி போட்டு எழுதுங்கள். கை என்றால் கைதான், யாருடையது என்று நிரப்ப வேண்டாம். தங்கையிடம், ‘அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள்?’ என்று கேளுங்கள். ‘உன்னிடமும் அப்படி நடந்தாரா?’ என்று ஆரம்பிக்காதீர்கள்.

வைத்தியத்துக்கு முழு நினைவு தேவையே இல்லை. தூக்கமின்மையையும் பதற்றத்தையும் இப்போதே சரிசெய்யலாம். ‘எல்லாம் ஞாபகம் வந்தால்தான் குணமாகும்’ என்கிற ஆலோசகரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் போனில் பேசிப் பார்க்க, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

போலீஸ் புகார் பிறகு பார்க்கலாம், அவசரமில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்ஸோ சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பரில். உங்களுடையது அதற்கு முந்தைய காலம் என்பதால் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்க வேண்டாம். அந்த வீட்டுக்கு மகளைத் தனியாக அனுப்பாதீர்கள். அதற்கு ஆதாரமும் தேவையில்லை, யாரிடமும் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை.